பெரியவர் இடம் மாறிவிட்டார்

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

காது ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "ரெண்டு மாசம் தண்ணிப் பக்கமே போகக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

வழிகாட்ட நான் இல்லாததால் நம் படகில் ஸ்கூபா முக்குளிக்க வருகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள், ஈட்டித் துப்பாக்கியோடு மீன் வேட்டைக்குப் போகிறவர்களையும் அதே படகில் ஏற்றலாமா என்று போனில் கேட்டாய். மீனைப் பார்க்க வருகிறவரும் மீனைக் குத்த வருகிறவரும் ஒரே பலகையில் உட்கார்ந்தால், நீ பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன்தான். வேறு வழியில்லை என்றால் ஏற்றிக்கொள். ஆனால் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகத் தண்ணீரில் இறக்காதே. குகைப் பாறைக்கு வேட்டைக்காரர்களைக் கொண்டுபோகவே போகாதே. அங்கே இருக்கும் களவா மீன், நம் பெரியவர், பதினோரு வருடமாக மனிதரைக் கண்டு ஓடியதில்லை.

உன் அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் சமையலைச் சாப்பிட்டுமா காது ஆறுகிறது? ஆச்சரியம்தான்.

முதல் நாள் படகில் ஒரே முறைப்பு. செத்த மீன் கிடக்கும் ஐஸ் பெட்டிப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று, நம்மோடு வழக்கமாக ஸ்கூபாவுக்கு வரும் பள்ளிக்கூட டீச்சர் எழுந்துவிட்டார். அவரைப் பின்பக்கம் உட்காரவைத்துச் சமாளித்தேன். ஸ்கூபா ஆட்கள் மேலே ஏறின பிறகுதான் ஈட்டிக்காரர்களை இறக்குகிறேன். குகைப் பாறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன். உன் மேல் சத்தியம்.

தம்பி

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு சின்னச் செய்தி. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. போன வாரம் ஸ்கூபா ஆட்களோடு குகைக்குப் போனேன். பெரியவரைக் காணோம். நீரோட்டம் மாறியிருக்கிறது, அவரும் இடம் மாறிவிட்டார் போல. வயதானால் யாருக்குத்தான் ஒரே இடத்தில் இருப்புக் கொள்கிறது? நீ வந்ததும் சேர்ந்து தேடலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூலை 11

தம்பிக்கு,

நேற்று டீச்சர் என்னைப் பார்க்க வந்திருந்தார். வெகுநேரம் காதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போதுதான் சொன்னார்.

நீ குகைக்குப் போனதாக எழுதிய அன்று வேட்டைக்காரர்களுக்குக் காலையிலிருந்து ஒன்றும் சிக்கவில்லையாம், முணுமுணுத்தார்களாம். நீ படகைக் குகைப் பாறைக்குத் திருப்பி, இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக இறக்கினாயாம். டீச்சரின் முழங்காலுக்குப் பக்கத்தில் போன ஈட்டி பெரியவர் மேல் பாய்ந்திருக்கிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாய் என்று அப்போதே புரிந்தது. இருந்தாலும் கேட்டேன், அவர்களாகவே பெரியவரைக் கண்டுபிடித்திருப்பார்களோ என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"இல்லம்மா. உங்க தம்பிதான் கூட இறங்கி, முதுகுல இருந்த காத்து சிலிண்டர மூணு தடவ தட்டினாரு. அது வெளிய வந்துச்சு. நேரா அவருகிட்டதான் வந்துச்சு."

தட்டினால் வரும் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி இங்கே கட்டிலில் கிடக்கிறேன்.

டீச்சர் சொன்னது பொய் என்று ஒரு வரி எழுது. நம்புகிறேன்.

அக்கா

ஜூலை 20

அக்கா,

பொய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

அவர்கள் அடுத்த மாதமும் வர வேண்டுமே என்று நினைத்தேன். பெரியவர் வெளியே வந்தால் தூரத்திலிருந்து காட்டலாம், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நீ கண்டுபிடிக்க மாட்டாய் என்றும் நினைத்தேன். இனி ஒரு ஈட்டியும் படகில் ஏறாது. நீ வந்து நாலு அறை அறைந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். வராமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

தண்ணீரில் இறங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வடக்குத் துறைப் படகில் வழிகாட்டியாகச் சேர்ந்துவிட்டேன்.

மீனுக்காக மட்டும் இல்லை. கடலடியில் பேச முடியாது. கூட வருகிறவன் 'எல்லாம் சரி' என்று கையைக் காட்டினால், அதை நம்பித்தான் அடுத்த அடி கீழே போகிறோம். நீ கையைக் காட்டினால் இனி நான் மேலே ஏறத்தான் பார்ப்பேன். அப்படி ஒருத்தனோடு இறங்கக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே பாடம் நடத்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் படகும் எங்கள் படகும் பக்கத்தில் பக்கத்தில்தான் நங்கூரம் போட வேண்டிவரும். கூப்பிடாதே. நான் திரும்பிப் பார்க்காவிட்டால் கேட்கவில்லை என்று நினைக்காதே. எனக்கு இப்போது காது நன்றாகவே கேட்கிறது.

அக்கா