ஆறுவதற்கு ஒன்பது நிமிடம்

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் பதினொன்று இருபத்திரண்டுக்குத் திரை உறைந்தது. கணினியின் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யின் வெப்பம் 84 டிகிரி. அறை வெப்பம் 31. நானும் மகனும் இணையத்தில் ஆடும் லாரி விளையாட்டில் என் லாரி பாலத்தின் நடுவே நின்றுவிட, பின்னால் வந்த மகனின் லாரி என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அடுத்த நொடி கணினியே அணைந்தது. மறுபடி இயங்கும் அளவுக்கு ஆற ஒன்பது நிமிடம்.

பிழை என்னுடையது. தேர்வு அட்டையைப் போல் மெல்லிய இந்த மடிக்கணினி, வேலைக்காக வேறு ஊருக்குப் போனபோது மகன் விட்டுச்சென்றது. விளையாட்டின் புதிய வரைபடங்களுக்கு இடம் போதவில்லை என்று, உள்ளே இருந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிவிட்டு, நான்கு மடங்கு கொள்ளளவும் கூடுதல் வேகமும் கொண்ட ஒன்றைச் சென்ற மாதம் நானே பொருத்தினேன். வேகம் கூடினால் சூடும் கூடும் என்பதை அறியாதவன் அல்லன். வெப்பமானிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் எனக்கு இருபத்தாறு ஆண்டு அனுபவம்.

ஆறும்வரை, வழக்கம்போல, மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"என்னப்பா, அடுப்பு ஆறிடுச்சா?"

"இன்னும் ஆறு நிமிஷம்."

"சரி, இருக்கேன். ஆமா, உலகத்துலயே இந்த கேம்ல சிக்னலுக்கு நிக்கிற ஒரே ஆளு நீங்கதான், தெரியுமா?"

"சிக்னல்னா நிக்கணும்."

"அது பொம்மை சிக்னல்ப்பா!"

பிறகு தன் மாடிவீட்டுக்காரர் பாட்டுக் கற்றுக்கொள்வதைப் பற்றிச் சொன்னான். அவரைப்போல் பாடியும் காட்டினான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு காலை பதினொன்றிலிருந்து ஒன்றுவரை, அவன் எனக்காக ஒதுக்கும் நேரம் அது. அதில் என்னால் ஒன்பது நிமிடம் வீணாகிறது.

மார்ச் 5, செவ்வாய்

கணினியின் நான்கு மூலைகளுக்கும் அடியில் நான்கு புட்டி மூடிகள். காற்றோட்டம் கூடியது. 81. போதாது.

மார்ச் 10, ஞாயிறு

பதினொன்று முப்பத்தொன்றுவரை தாக்குப்பிடித்தது. அதன்பின் அதே கதை.

மகன் அழைத்தான். இன்று பாட்டும் இல்லை, கேலியும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இருமுறை 'ஹலோ' சொன்னேன்.

"இருக்கேன்ப்பா... ஒண்ணு சொல்லணும்."

அந்த நேரம் பார்த்துத் திரை ஒளிர்ந்தது. "ஆறிடுச்சு, வா வா, லோடு லேட்டாகுது" என்றேன்.

"சரிப்பா" என்றான்.

சரக்கை உரிய நேரத்தில் இறக்கினோம். ஓட்டும்போது பேசக்கூடாது என்பது நான் வகுத்த விதி. பொம்மை லாரிக்கும் அது பொருந்தும் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறேன். ஆகவே அதன்பின் கேட்க வழியில்லாமல் போயிற்று.

என்ன சொல்ல வந்தான்? அடுத்த வாரம் கேட்க வேண்டும்.

மார்ச் 13, புதன்

கணினியின் அடிமூடி உலோகம். எஸ்.எஸ்.டி.க்கும் அதற்கும் இடையே வெறும் காற்று. காற்றைப்போல் மோசமான கடத்தி வேறில்லை. இடைவெளியை அளக்க, பட்டாணி அளவு களிமண்ணை வைத்து மூடி, திறந்து, நசுங்கிய தடிமனை வெர்னியரால் அளந்தேன்: 1.3 மில்லிமீட்டர். வெப்பத்தைக் கடத்தும் மென்மையான பட்டை ஒன்றரை மில்லிமீட்டரில் கிடைக்கிறது, அழுந்தி உட்காரும். வாங்கிவந்து, நீலத் தாளை உரித்து ஒட்டி, மூடினேன். எட்டுத் திருகாணிகள், குறுக்கு வரிசையில்.

மார்ச் 14, வியாழன்

82.

மார்ச் 15, வெள்ளி

82! எப்படி? கணக்கில் பிழையில்லை. அளவில் பிழையில்லை. அப்படியானால் எங்கே?

மார்ச் 16, சனி

எழுதவே கூசுகிறது. எழுதுவதுதான் முறை.

பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடையை நடத்தும் பெண் மூடியைத் திறந்து, பட்டையை நகத்தால் ஒருமுறை கீறிப்பார்த்துவிட்டுக் கேட்டாள்: "யார் சார் இதை ஒட்டினது?"

"நான்தான்."

"நீலக் கவரை உரிச்சிருக்கீங்க. இந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி இன்னொண்ணு இருக்கே, இதை யாரு உரிப்பா?"

இடுக்கியால் அதை உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். மெல்லிய, நிறமற்ற பாலிதீன். அதைப் பட்டையின் மேற்பரப்பு என்றே நினைத்திருந்தேன்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"வெப்பமானி சரிபார்க்கிறேன்."

"அடேங்கப்பா!" என்றாள். பிறகு, என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், "வாரத்துக்கு நாலு பேர் இப்படி வருவாங்க சார்" என்று சேர்த்துக்கொண்டாள்.

புள்ளிக்குப் பின்வரும் எண் பிசகினாலும் விடமாட்டேன் என்பதால், ஆய்வகத்தில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'தசமம்' என்று பெயர். அவர்களுக்கு இது தெரியவேண்டியதில்லை.

மார்ச் 17, ஞாயிறு

61 டிகிரி. இரண்டு மணி நேரம், ஒரு தடங்கலும் இல்லை. மலைப்பாதை முழுவதையும் கடந்தோம். முடிவில் மகன் திரையில் எழுதினான்: 'சூப்பர்ப்பா. பை.'

மிகுந்த நிறைவு.

மார்ச் 24, ஞாயிறு

60. இரண்டு மணி நேரம். 'பை.'

கணினியை மூடிய பிறகுதான் உறைத்தது. இரண்டு வாரமாக அவன் குரலை நான் கேட்கவில்லை. அவன் அம்மா இருந்தவரை அவனுடைய சேதி எனக்கும் என்னுடைய சேதி அவனுக்கும் அவள் வழியாகவே போய்வந்தன. அவள் இறந்து மூன்று ஆண்டுகள். அதன்பின் நாங்கள் பேசியது என்றால், சென்ற மாதம் கணினி சூடேறத் தொடங்கியபின் கிடைத்த அந்த ஒன்பது நிமிடங்களில்தான். அதைத்தான் பழுது என்று எண்ணி, வெர்னியர் வைத்து அளந்து, சரிசெய்து முடித்திருக்கிறேன்.

பட்டையை எடுத்துவிடலாமா? திருப்புளியைக் கையில் எடுத்தேன். ஆறு திருகாணிகள்வரை கழற்றினேன். ஒழுங்காக வேலை செய்யும் கருவியைத் தெரிந்தே கெடுப்பதா – முடியவில்லை. மறுபடி முடுக்கினேன்.

என்னடா சொல்ல வந்தே? ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா நான்? லோடு லேட்டானா என்ன, குடியா முழுகிப்போயிருக்கும்?

மார்ச் 27, புதன்

மதிய இடைவேளையில் ஆய்வகத்தின் பின்படியில் நின்று அழைத்தேன். இதற்குமுன் வேலை நாளில் அழைத்ததில்லை.

"என்னப்பா, திரும்பச் சூடாகுதா?"

"இல்ல. அறுபதுதான்."

"பின்ன?"

"சும்மாதான்."

"நீங்களா? சும்மாவா? உடம்புக்கு ஏதாவதா?"

"அன்னிக்கு என்னவோ சொல்லணும்னியே."

இம்முறை நான் 'ஹலோ' சொல்லவில்லை.

"வேலை போயிடுச்சுப்பா. ஜனவரிலேயே."

'நீ என்ன தப்புப் பண்ணே?' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் அதற்காகத்தான் காத்திருந்தான். விழுங்கிக்கொண்டேன்.

"மூணு மாசமா தனியாவா இருக்கே?"

அழுதான். இருபத்தைந்து வயதுப் பிள்ளை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "லைன்லயே இரு" என்றேன். அதையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன். இடைவேளை முடிந்து நாற்பது நிமிடம் கழித்து உள்ளே போனேன். வருகைப் பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'மகன்' என்று எழுதினேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலை ஐந்தரைக்குமேல் இந்த வீட்டில் யாரும் படுத்திருந்ததில்லை. இப்போது மணி பதினொன்றேகால். உள்ளறையில் மின்விசிறி ஓடுகிறது. வீடு திரும்பிவிட்ட மகன் இன்னும் எழவில்லை.

எழுப்பவில்லை.