மஞ்சள் தடவிய நகல்

உப்பளம், புதுச்சேரி.
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

மகள் பூர்ணிமாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன், நலம் என்று எழுதக் கை வரவில்லை. பொங்கல் வைக்கவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

உன் தங்கை அபி போய் நாளையோடு ஐந்து மாதம். அவளைக் கழுத்தை நெரித்துக் கொன்ற புருஷன் விஜயராகவன் ஜாமீனில் வந்து தட்டாஞ்சாவடி பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, சாப்ட்டீங்களா அத்தை என்று கேட்டான், என்ன நெஞ்சழுத்தம் பார். அவன் வழக்கு தனியாக நடக்கட்டும், அபி புகார் கொடுத்தும் காப்பாற்றாத போலீஸையும் அரசாங்கத்தையும் ஹைகோர்ட்டில் நிறுத்துவோம் என்கிறார் நம் வக்கீல் ஹாஜிரா. ஆனால் ஸ்டேஷனில், அப்படி ஒரு பெண் இங்கே வரவே இல்லை என்று எழுத்திலேயே பதில் கொடுத்துவிட்டார்கள். ஒரு துண்டுச் சீட்டு இருந்தாலும் போதும்மா, வீட்ல நல்லா தேடிப் பாருங்க என்று ஹாஜிரா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன்.

இருக்கிறது பூர்ணிமா. ஆடியில் அபி வீங்கின கழுத்தோடு ஸ்டேஷனுக்குப் போனாள். என்னையும் அவனையும் வரவழைத்தார்கள். ஏட்டு அவள் புகாரைப் படிக்கக்கூட இல்லை. கேஸ் போட்டா அவன் வேலை போயிடும், அப்புறம் உம் பொண்ணுக்கு யார் சோறு போடுவா என்று என்னைக் கேட்டார். இனிமேல் கை வைக்க மாட்டேன் என்று அவன் எழுதிக் கொடுத்தான். சமாதானமாகப் போகச் சம்மதம் என்று அதில் கையெழுத்துப் போடச் சொன்னதும் அபி பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள். எம்மா, இவன் என்ன சாவடிச்சிடுவாம்மா என்றாள். அந்தப் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தது போலீஸ் இல்லை, நான். கீழே சாட்சிக் கையெழுத்தும் நான்தான் போட்டேன். நகல் ஒன்று கேட்டு வாங்கி வந்து, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். பத்தொன்பதாம் நாள் அவளைப் பிணமாகக் கொடுத்தார்கள்.

அதில் ஸ்டேஷன் முத்திரையும் தேதியும் தெளிவாக இருக்கிறது. அதைக் கொடுத்தால், பெத்தவளே சம்மதிச்சா நாங்க என்ன பண்றது என்று கோர்ட்டில் கேட்பார்கள். ஊரும் கேட்கும். கேட்கட்டும். எனக்குச் சட்டம் தெரியாது, பயந்தேன். சட்டம் தெரிந்து சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என்ன பயம்? என் தப்புக்கு நான் கூண்டில் ஏறி நிற்கிறேன், அவர்களும் வந்து நிற்கட்டும். வெள்ளிக்கிழமை ஹாஜிராவிடம் கொடுக்கப் போகிறேன். ஊரார் சொல்லி நீ கேட்கக் கூடாது என்றுதான் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. உன் சம்பளம் உன் பேரிலேயே இருக்கட்டும். மாப்பிள்ளை நல்லவர்தான், இருந்தாலும் ஒரு நாள் கை ஓங்கினால், பொறுத்துப் போ என்று நானே சொன்னாலும் கேட்காதே. அபி உனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்றையும் அழித்துவிடாதே, அதுவும் கோர்ட்டுக்கு வேண்டும். நீ நூறு வயது இருக்க வேண்டும். என்னைத் திட்டவாவது போன் பண்ணு.

அந்தத் தாளில் போட்ட அதே கையெழுத்தோடு,
உன் அம்மா,
கமலவேணி