பெயர் வைக்காத படங்கள்

மார்ச் 4

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் உன் அக்காவும் நலமா? போனில் பேசலாம்தான். ஆனால் மூன்றாவது பேச்சிலேயே நமக்குள் சண்டை மூண்டுவிடுகிறது. கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது.

தலைபோகிற விஷயம். மகள் கல்யாணப் படங்கள் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் திறக்க மாட்டேன் என்கின்றன. மாதக் கடைசியில் அவளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். "அப்பா, ஆல்பம் போடணும், படமெல்லாம் எடுத்து வைங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். போட்டோக்காரரிடம் ஓடினேன். "சார், என் மெஷின் போன வருஷமே மண்டையப் போட்டுடுச்சு. உங்ககிட்ட இருக்கறதுதான்" என்று கையை விரித்துவிட்டார்.

அணைத்துப் போட்டேன். ஒயர்களைப் பிடுங்கிச் செருகினேன். தலையில் இரண்டு தட்டும் தட்டினேன். இதில் ஒரு வேடிக்கை: நீ இருக்கிற படங்கள் மட்டும் பளிச்சென்று திறக்கின்றன. மற்றதெல்லாம் வெள்ளைத் தாளாக முழிக்கிறது. கம்ப்யூட்டரும் உன் கட்சிதான் போலிருக்கிறது.

அச்சகத்தில் பகலெல்லாம் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவள் நீ. ஒரு வழி சொல்லு. "அம்மா அதுக்குள்ள வந்துடுவாங்களா?" என்று மகள் கேட்டாள். என்னத்தைச் சொல்ல, தெரியவில்லை என்றேன்.

இப்படிக்கு,
உன் ஸ்டோர் கீப்பர்

மார்ச் 8

வீட்டுக்காரருக்கு,

முதலில் அதைத் தட்டுவதை நிறுத்துங்கள். அது பழைய ரேடியோ இல்லை.

படங்கள் சும்மா இருக்கும்போது தானாகக் கெடாது. மறைக்காமல் சொல்லுங்கள், அவற்றுக்கும் லேபிள் ஒட்டினீர்களா? சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை', சுவிட்சில் 'சுவிட்ச்' என்று ஒட்டிய மனிதர். கம்பெனி ஸ்டோரில் செய்வதை வீட்டிலும் செய்து, கடைசியில் என் அலமாரித் தட்டில் 'மனைவி – இதர சாமான்கள்' என்று ஒட்டினீர்களே, அந்தக் கையால் படங்களை மட்டும் விட்டுவைத்திருப்பீர்களா?

அன்றைக்குப் பெட்டியைக் கட்டியவள்தான். அக்கா வீட்டில் எதன் மேலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. உப்பைத் தேடிக் காலையெல்லாம் போகிறது. ஆனாலும் நிம்மதி.

இப்படிக்கு,
இதர சாமான்கள்

மார்ச் 12

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

பிடித்துவிட்டாய். ஒட்டினேன்.

ஒவ்வொரு படத்துக்கும் நீளமாக ஏதோ நம்பர். எந்த ஸ்டோர் கீப்பருக்குப் பொறுக்கும்? திறந்து பார்த்து, 'மேடை 1', 'சாப்பாடு 14', 'தம்பி தூக்கம் 3' என்று அழகாகப் பெயர் வைத்தேன். (என் தம்பி கல்யாணம் முழுக்கத் தூங்கியிருக்கிறான். மூன்று படம் இருக்கிறது.) நம்பருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஜே, பி, ஜி என்று மூன்று எழுத்தும் எல்லாவற்றிலும் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாப் பெட்டியிலும் ஒரே சொல் இருந்தால் அதற்குப் பெயர் லேபிளா? தண்டம் என்று நறுக்கிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. ஆமாம், ஆமாம் என்று அழுத்திக்கொண்டே போனேன். எல்லாம் போய்விட்டதா? எதுவானாலும் சொல்லிவிடு.

உன் ஸ்டோர் கீப்பர்

மார்ச் 15

வீட்டுக்காரருக்கு,

வயிற்றில் பால் வார்க்கிறேன், பிடியுங்கள். ஒன்றும் போகவில்லை. வாலைத்தான் நறுக்கியிருக்கிறீர்கள். அந்த வாலை வைத்துத்தான் இது படமா, பாட்டா, கணக்கா என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. 'இதை மாற்றினால் திறக்காமல் போகலாம், பரவாயில்லையா?' என்று பாவம் அது ஒவ்வொரு தடவையும் கெஞ்சியிருக்கிறது. நான் சொன்னால்தான் காதில் ஏறாது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். யார் சொன்னாலும் ஏறாது என்று இப்போதுதான் தெரிகிறது. மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஏதாவது ஒரு படத்தின் பெயருக்குப் பின்னால், இடம் விடாமல், புள்ளி வைத்து அந்த மூன்று எழுத்தையும் அடித்துப் பாருங்கள்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். என் படங்கள் திறக்கின்றன என்றால் நீங்கள் அவற்றைத் தொடவே இல்லை என்று அர்த்தம். ஏன்?

இப்படிக்கு,
இதர சாமான்கள்

மார்ச் 19

அன்புள்ளவளே,

திறந்துவிட்டது! 'தம்பி தூக்கம் 3' வாயைப் பிளந்துகொண்டு திறந்துவிட்டான்! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா என்னமோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார். அவருக்கும் அவனைக் காட்டினேன். இப்போது ஒவ்வொன்றாக வாலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இடுப்பு கழன்றுவிடும்.

உன் கேள்வி. உன் படங்களுக்கும் பெயர் வைக்கத்தான் உட்கார்ந்தேன். முதல் படத்தில் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய். மேடையில் நான் வழுக்கினேனே, அப்போது எடுத்தது. அதைப் பார்த்ததும், பெட்டியோடு வாசலில் நின்று நீ கத்தியது காதில் விழுந்தது: "நான் என்ன உங்க ஸ்டோர் சாமானா? என் மேல எதையும் ஒட்டாதீங்க!" கையை எடுத்துவிட்டேன். அன்று முதல் வேலைவிட்டு வந்ததும் அந்தப் படத்தைத்தான் திறந்து வைத்துக்கொண்டு காபி குடிக்கிறேன். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. போனில் இதைச் சொல்ல வாய் வராது.

உன்
ஸ்டோர் கீப்பர்

மார்ச் 22

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அச்சகத்தில் வைத்துப் படித்துத் தொலைத்தேன். ஏன் அழுகிறாய், ஏன் சிரிக்கிறாய் என்று ஆளாளுக்குக் கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள்.

பாக்கிப் படங்களைத் தொடாதீர்கள். எல்லா வாலையும் ஒரே வரிக் கட்டளையில் ஒட்டவைக்க ஒரு வித்தை உண்டு. முதலிலேயே எழுதியிருப்பேன். கொஞ்சம் இடுப்பு வலிக்கட்டுமே என்று விட்டுவிட்டேன். இப்போதும் எழுதப்போவதில்லை. சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்து நானே அடிக்கிறேன். மகளிடமும் சொல்லியாயிற்று. பெட்டி கனக்கும், பஸ் நிறுத்தத்துக்கு வந்து நில்லுங்கள்.

டப்பா லேபிளையெல்லாம் கிழித்துவிடாதீர்கள். எனக்கு உப்பு தேடி அலுத்துவிட்டது. என் அலமாரியில் இருக்கிறதே, அதையும் கிழிக்க வேண்டாம். அதில் வாலை மட்டும் நறுக்குங்கள். அது உங்களுக்குக் கைவந்த வேலைதானே.

இப்படிக்கு,
மனைவி