டவரில் ஆள் வருவதற்கு முன்

என் செல்ல அம்மா,

நீ போய் ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். தாமதம்தான். அப்போது எனக்கு எட்டு மாதம் முடியும் சமயம். விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். "நீ வர வேணாம் உமா, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன் போனில் சொன்னான். பார்த்துக்கொண்டான். உன் முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

சின்னவளுக்கு ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் குப்புற விழுந்துவிட்டாள். குப்புற விழுந்தால் கொழுக்கட்டை செய்ய வேண்டும் என்று நீ சொல்வாய். பூரணத்துக்கு வெல்லம் எவ்வளவு, தேங்காய் எவ்வளவு என்று யாரைக் கேட்பது? இன்னும் செய்யவில்லை.

போன சனிக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுதி முடித்ததும் தமிழ்ச் சங்க மலருக்குக் கொடுக்கச் சொல்கிறார் உன் மாப்பிள்ளை. நம்ம ஆட்கள் நாலைந்து பேர் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்களாம், படிக்கட்டும் என்கிறார். அதனால் நம் பேச்சை மற்றவர்களும் கேட்பார்கள், பரவாயில்லையா?

உன் மாப்பிள்ளை சின்ன விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டார் என்று போனில் சொன்னபோது, "ஏன், அந்த ஊர்ல கார் ஓட்டறது போதலையாமா?" என்று கேட்டாய். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு விமான நிலையம் இருக்கிறது. பெரிய ஜெட் எதுவும் வராது. ஆனால் சனி ஞாயிறில் நம்ம திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் மாதிரி, ஒன்று இறங்கினால் ஒன்று ஏறும். டவர் என்று உயரமாக ஒரு கட்டடம், அதில் இருப்பவர், யார் முதலில், யார் அடுத்து என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஆனால் காலை ஏழு மணிக்கு முன்னால் டவரில் ஆள் கிடையாது. அப்போதும் விமானங்கள் பறக்கும். அவரவர் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்புகிறோம், எப்போது இறங்கப் போகிறோம் என்று அவரவரே ரேடியோவில் பொதுவாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். கொதிக்கும் ரசத்தைத் தூக்கிக்கொண்டு "சூடு வருது, சூடு வருது" என்று நீ கூடத்துக்கு வருவாயே, அதே மாதிரி.

"யார் பதில் சொல்வாங்க?" என்று இவரைக் கேட்டேன்.

"பதில் யாரும் சொல்ல வேணாம். எல்லாரும் கேட்டா போதும்."

"கேக்கலேன்னா?"

"கண்ணு எதுக்கு இருக்கு? நீ ஏன் எப்பவும் கேக்கலேன்னா, கேக்கலேன்னான்னே யோசிக்கற?"

எனக்குப் பயம் போகட்டும் என்று கையளவு ரேடியோ ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதில் விமானிகள் பேசுவது கேட்கும். திருப்பிப் பேச முடியாது. கேட்கக் கேட்கப் பயம் கூடியதுதான் மிச்சம்.

பெரியவள் அனுவை ஏழு மணிக்கு மேல்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒப்பந்தம் செய்திருந்தோம். அந்தச் சனிக்கிழமை ஏழுக்கு மேல், இவர் வாடகைக்கு எடுக்கும் விமானத்தை வேறு யாரோ புக் பண்ணியிருந்தார்கள். "ஆறேகாலுக்குப் போயிடலாம். காத்தே இருக்காது, குழந்தைக்குக் குலுங்காது. ஒரே ஒரு ரவுண்டு" என்றார். அனு காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். சரி என்று சொன்னது நான்தான் அம்மா. அதை மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

லிவர்மோர் கோவிலில் கார் பூஜைக்கு வாங்கியதில் மிஞ்சிய எலுமிச்சம்பழத்தை எடுத்துப் போயிருந்தேன். சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். பக்கத்தில் தன் விமானத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பெட்டி ஆன்ட்டி, எழுபது வயது வெள்ளைக்காரி, தானே ஓட்டுபவள், "ஜூஸ் போடப் போகிறாயா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும், "எனக்கும் ஒன்று கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டாள்.

இவரும் அனுவும் ஏறிப் போனார்கள். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரேடியோவைக் காதருகே பிடித்தபடி நின்றேன். இவர் குரல் வந்தது. திரும்புகிறேன் என்றார், இன்னொரு முறை திரும்புகிறேன் என்றார். கிழக்கே சூரியனுக்குப் பக்கத்திலிருந்து விமானம் இறங்கி வருவது தெரிந்தது. அப்போது ரேடியோவில் கீச்சென்று ஒரு சத்தம். இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அமுக்கிப் பேசினால் அப்படித்தான் வருமாம். இரண்டு பேச்சும் கெட்டுப்போகும். பேசிய இருவருக்கும் அது தெரியாது.

மேற்கே திரும்பிப் பார்த்தேன். ஓடுதளத்தின் அந்த முனையில் ஒரு வெள்ளை விமானம் இந்தப் பக்கம் பார்த்துப் புறப்படத் தயாராக நின்றது. காற்று இல்லாத நாளில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஏறலாம். அவன் கண்ணுக்கு நேரே சூரியன். சூரியனிலிருந்து என் அனு வந்துகொண்டிருக்கிறாள்.

கையில் இருந்த ரேடியோவிடம் கத்தினேன். அதில் கேட்கத்தான் முடியும், அவ்வளவுதான். பெட்டி ஆன்ட்டியிடம் ஓடினேன். அவள் நின்ற இடத்திலிருந்து ஓடுதளத்தைக் கொட்டகை மறைத்திருந்தது. நான் எம்.எஸ்ஸி. படித்தவள், ஐந்து வருடமாக இங்கே இருப்பவள், எனக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் வரவில்லை. திறந்திருந்த கதவு வழியாக அவள் விமானத்தின் மைக்கைப் பிடுங்கினேன். என் முகத்தைப் பார்த்து, அவளே ரேடியோவைப் போட்டு, பட்டனை அமுக்கிக் காட்டினாள்.

"என்னங்க! இறங்காதீங்க! எதிர்ல ஒருத்தன் வரான்! மேல போங்க, மேல போங்க!"

இறங்க வந்த விமானம் மூக்கைத் தூக்கி, ஒரு பக்கமாக ஒதுங்கி, இரைச்சலோடு மேலே போனது. உருளத் தொடங்கியிருந்த வெள்ளை விமானம் குலுங்கி நின்றது. சின்னவள் என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளை விமானக்காரன் பிறகு நடந்து வந்தான். சின்ன வயது, உதடு வெளுத்திருந்தது. "என்ன பாஷை என்று தெரியவில்லை. ஆனால் ஒரு பெண் அப்படிக் கத்தினால் நிறுத்திவிடுவது நல்லது என்று தோன்றியது" என்றான். பெட்டி ஆன்ட்டி அவன் முதுகில் தட்டி, "கல்யாணமானால் இன்னும் நன்றாகப் புரியும்" என்றாள். யாரும் சரியாகச் சிரிக்கவில்லை.

அடுத்த சுற்றில் இவர் இறங்கி வந்து நின்றார். அனுவின் பெல்ட்டைக் கழற்ற இவருக்கு வரவில்லை, நான்தான் கழற்றினேன். "அவன் பேசினது எனக்குக் கேக்கவே இல்ல, உமா."

"நீங்க பேசினது அவனுக்கும் கேக்கல."

அனு மட்டும் உற்சாகமாக, "அம்மா, யூ வேர் ஆன் த ரேடியோ!" என்றாள்.

சரியாக ஏழு மணிக்கு டவரிலிருந்து ஒருவர் குட்மார்னிங் சொன்னார். காபி குடித்துவிட்டு வந்த குரல். அவர் மேல் என்ன தப்பு? யார் மேலும் தப்பு இல்லை என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் கால் போட்டுக் கொடுக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்திருந்தாயே, அப்போது நடந்ததாக நீ சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரு முனையில் யாரோ ஒரு அப்பா, மறுமுனையில் அவர் மகன். இருவரும் ஹலோ ஹலோ என்று கத்துகிறார்கள், ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டவில்லை. இருவர் குரலும் உனக்கு மட்டும் கேட்கிறது. நடுவில் புகுந்து, "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம் சார், உங்க பையன் சொல்றார்" என்று சொன்னாயாம். அன்று மைக்கைப் பிடித்தபோது உன்னை நினைத்தேன் என்று எழுத ஆசைதான். எதையும் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் உட்கார்ந்தபோதுதான் நினைத்தேன்.

அப்புறம் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். ஊருக்குப் பேசும் காலிங் கார்டை எடுத்து திருச்சி வீட்டு நம்பரைப் போட்டேன். அண்ணன் பிலாய்க்குத் திரும்பிவிட்டான், வீடு பூட்டிக் கிடக்கிறது, போனை மட்டும் இன்னும் துண்டிக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹாலில் உன் நாற்காலிக்குப் பக்கத்தில்தானே அடித்திருக்கும்? எடுக்க ஆள் இல்லை என்று தெரிந்தும் ஏன் அவ்வளவு நேரம் வைத்திருந்தேன்?

இங்கே எல்லாரும் நல்லவர்கள். பெட்டி ஆன்ட்டி கேக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் இதைச் சொன்னதும் "அடிப்பாவி!" என்று கத்த ஒருவர்கூட இல்லை அம்மா.

"இனிமே நானும் ஏழுக்கு மேலதான் போவேன்" என்கிறார் உன் மாப்பிள்ளை. அனு இல்லாமல் தனியாகப் போனாலும், எதிரில் வருபவனுக்கும் ஒரு குடும்பம் இருக்குமே என்றார். நான் எதுவும் கேட்காமலேயே சொன்னார். நம்புகிறேன். அனு மறுபடி ஏறும்போது டவரில் ஆள் இருக்க வேண்டும், வெளியே நான் நிற்க வேண்டும். அதில் இனி விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாளைக்குக் கொழுக்கட்டை செய்கிறேன். வெல்லம் என் கண் அளவுதான். உடைந்தால் உடையட்டும்.

அண்ணன் அந்தப் போனைத் துண்டித்தாலும் நான் சொல்வதை நிறுத்த மாட்டேன். எங்கே இருக்கிறேன், எந்தப் பக்கம் திரும்புகிறேன், குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று அவ்வப்போது சொல்லிவிடுகிறேன், இது சத்தியம். நீ பதில் சொல்ல வேண்டாம் அம்மா. கேட்டால் போதும்.

டிரங்க் போர்டு சரோஜாவின் மகள்,
உமா