படகுத்துறையின் இரண்டு முனைகள்

புமாலா,
மே 19

அன்பு மகள் ஹில்யாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஏரியும் சுகம். ஹோபார்ட்டில் குளிர் தொடங்கப் போகிறது, நீயும் அங்கே சுகமாய் இருக்க வேண்டும். வாராவாரம் போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் நான் சொல்கிறேன், நீயும் அதையே சொல்கிறாய், பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

நம் படகுத்துறைப் பலகைகளுக்கு எண்ணெய் பூசினேன். நீ போன பிறகு நான்கு கோடையாக அதைத் தொடவே இல்லை. எல்லாம் சாம்பல் நிறமாகிப் பாசி படிந்து, போன மாதக் கடைசியில் மீன் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு உர்ஹோ வழுக்கி உட்கார்ந்துவிட்டார். "ரைலி, என்னைக் கொல்லணும்னா நேரா சொல்லேன், எதுக்கு இப்படிப் பொறி வச்சிருக்க" என்றார். சிரித்தேன், ஆனால் வெட்கமாக இருந்தது. ஏரி கெட்டுப்போகுமென்று சோப்பு போடாமல் வெறும் தண்ணீரும் முரட்டு பிரஷும் வைத்து இரண்டு நாள் முட்டி போட்டுத் தேய்த்தேன். நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் ஒரு துளிகூட மேலே நிற்கவில்லை, அவ்வளவு தாகம் மரத்துக்கு. செவ்வாய்க்கிழமை காலை பழுப்பு எண்ணெயைக் கலக்கிக் கரையோர முதல் பலகையில் ஆரம்பித்தேன், வழக்கம்போல. நான் கரையிலிருந்து, நீ தண்ணீர் முனையிலிருந்து, நடுவில் சந்தித்ததும் இரண்டு பக்கமும் ஈரமாக இருக்க, வேறு வழியில்லாமல் கைகோத்து உடுப்போடு குதிப்போமே. கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுப்பலகை வந்ததும் தலையைத் தூக்கினேன். எதிரே காய்ந்த பலகைகள்தான். நீ இன்று மெதுவாகப் பூசுகிறாய் என்று நினைத்தேன் ஹில்யா. ஒரு கணம்தான். திரும்பிப் போக முடியாது, அதனால் உன் பாதியையும் பூசிக்கொண்டே போய்க் கடைசிப் பலகையை மட்டும் விட்டு அதில் உட்கார்ந்தேன். குதிக்கவும் முடியாது, ஏரியில் பனி உருகி மூன்று வாரம்கூட ஆகவில்லை, தனியாகத் தண்ணீரில் இறங்காதே என்று சொல்லி உன்னை வளர்த்தவள் வேறு. மூன்று மணி நேரம் இருந்திருப்பேன். வலை எடுக்க வந்த உர்ஹோ, "படகுக்குக் காத்திருக்கியா, மாப்பிள்ளைக்கா" என்று தூரத்திலிருந்தே கத்தினார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "தனியாள் தண்ணிப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சுக் கரைக்கு வரணும். என் பெண்டாட்டி போனதுலேர்ந்து நான் அப்படித்தான்" என்று மட்டும் சொல்லிக் கையைக் கொடுத்துப் படகில் ஏற்றிக்கொண்டார்.

எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி வைக்காமல் வாளித் தண்ணீரில் போட்டுவிட்டேன், தானாகத் தீப்பிடிக்குமோ என்று நீ பயப்பட வேண்டாம். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள். உன் நாட்கள் இதமாகவும் உன் மனம் லேசாகவும் இருக்கட்டும், என் கண்ணே. நடுக்கோடை யுஹன்னுஸ் திருநாளுக்கு ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் இன்னொரு பூச்சு பூச வேண்டும். வருகிறாயா இல்லையா என்று மறக்காமல் சொல், பார்க்கலாம் என்று சொல்லாதே. எந்தப் பதிலானாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா