வேணி எழுதிய எஞ்சின்

திண்டிவனம்
14-8-1961

அன்புள்ள அத்தானுக்கு,

தையல்நாயகியின் வணக்கம். அத்தை, வேணி, நான் மூவரும் சுகம். பிலாயில் மழை விட்டதா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? அதையாவது எழுதக்கூடாதா? கொல்லையில் மல்லாட்டை பூத்துவிட்டது. இன்னொரு மழை பெய்தால் கடலை நன்றாகப் பிடிக்கும்.

வேணியின் கடிதம் திரும்பி வந்தது. ஏழு வயதுப் பிள்ளை அப்பாவுக்கு இங்கிலீஷில் எழுதின முதல் கடிதம். பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் அடித்து, கீழே ‘பட்டிக்காட்டு இங்கிலீஷ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எக், எஞ்சின் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒய் போட்டிருக்கிறாள், ஸ்கூலுக்கு முன்னால் ஐ. வாஸ்தவம்தான். யெக், இஸ்கூல் என்று இந்தப் பக்கத்தில் வாயில் எப்படி வருகிறதோ அப்படி. கடைத்தெரு போர்டிலேயே இனிஷியலை யம், யஸ் என்றுதானே எழுதுகிறார்கள். பி.ஏ. படித்தவள் பார்க்காமலா அனுப்பினாய் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்துத்தான் அனுப்பினேன். படித்தால் அவள் குரல் உங்களுக்குக் கேட்குமே என்றுதான்.

அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. வகுப்பிலும் அப்படித்தான் என்று சவுரிராயன் வாத்தியார் சொல்லியனுப்பினார். அத்தை, “என்னாடி தையலு, ஒம் பொண்ணு சாமியாராட்டம் ஒக்காந்துக்கினு இருக்கா?” என்று கேலி பண்ணுகிறார்கள். நேற்று தண்ணீர் கேட்கக்கூடக் கையைத்தான் காட்டினாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

விழுப்புரத்தில் இருந்தபோது, ரயில்வே ஷெட்டிலிருந்து எண்ணெய்ச் சட்டையோடு வந்து அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு லெவல் கிராசிங்குக்குப் போவீர்களே. “அதோ பார்றீ, யஞ்சின் வருது, யஞ்சின்!” என்று நீங்கள் கத்துவது நம் வாசல் வரைக்கும் கேட்கும். அடுப்பில் தோசை தீய, நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். அந்த வார்த்தை அவளுக்கு அங்கே வந்ததுதான். பள்ளிக்கூடமெல்லாம் பிறகுதானே.

அங்கே உருக்காலையில் பெரிய ஆபீசர்கள் நடுவில் யாராவது உங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்களா? சிரித்திருந்தாலும் எழுதமாட்டீர்கள். நானும் மேலே கேட்கவில்லை. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும், அவ்வளவுதான்.

ஸ்பெல்லிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன், அது என் பொறுப்பு. நீங்கள் எப்படியாவது நாலு நாள் லீவு போட்டு வாருங்கள். கடிதம் வேண்டாம். நேரில் வந்து, எப்போதும் கூப்பிடுகிற மாதிரி நம் ஊர்ப் பேச்சில் அவளைக் கூப்பிடுங்கள். என்னிடம் பேசாதவள் உங்களிடம் பேசுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்,
தையல்நாயகி