மோட்டாரைச் சரி பண்ணது யார்

ஹாஸ்டல்,
ஜூலை 8

என் அன்பு வீட்டுக்காரருக்கு,

நல்லா சாப்பிடுறேன், தூங்குறேன். முதல்லயே சொல்லிட்டேன், இல்லேன்னா உயிரை வாங்குவீங்க. மத்ததைப் போன்ல சொன்னா அழுதுடுவேன்னுதான் எழுதுறேன்.

எலக்ட்ரிக்கல் லேப்ல எங்க குழுவில நாலு பசங்க, நான் ஒருத்தி. ஒயரைத் தொடப் போனாலே, "உங்க கையெழுத்து அழகா இருக்கு, நீங்க ரீடிங் எழுதுங்க"ன்னு நோட்டைத் திணிச்சிடுறாங்க. நேத்து சார், "இந்த மோட்டாரை இணைச்சுக் காட்டும்மா"ன்னார். கை நடுங்குச்சு. பின்னாடி யாரோ சிரிச்சாங்க.

வீட்டுக்கே வந்துடட்டுமா? நிஜமாத்தான் கேக்குறேன்.

உங்கள்
பயந்தாங்கொள்ளி


வீடு,
ஜூலை 14

பயந்தாங்கொள்ளிக்கு,

வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன். டிப்ளமோவை வச்சுக்கிட்டு நீ அடுப்படியில நின்னது போதும்னு இன்ஜினியரிங் காலேஜ் விண்ணப்பம் வாங்கிட்டு வந்தது யாரு? "பொண்டாட்டியைப் படிக்க வச்சு என்னடா பண்ணப் போறே"ன்னு கேட்ட என் அண்ணன்கிட்ட சண்டை போட்டது யாரு?

லேபுக்கு முன்னாடியே போ. அவனுங்க வர்றதுக்குள்ள ஒயரைக் கையில எடுத்துடு. தப்பா இணைச்சா ஃபியூஸ் போகும், தலையா போகும்? நான் இருக்கேன்டி.

என் சமையலைப் பத்திக் கேக்காதே. தெருநாய்க்கு வச்சேன், முகர்ந்து பார்த்துட்டுப் போயிடுச்சு.

உன் ஒரே ரசிகன்


ஹாஸ்டல்,
நவம்பர் 20

என்னங்க,

லீவு முடிஞ்சு வந்து சேர்ந்தேன். நம்ம வீட்டுத் தண்ணி மோட்டார் வெறுமனே உறுமிட்டு நின்னுச்சே, அதை நானே கழட்டி, கண்டன்சர் போயிருக்குன்னு கண்டுபிடிச்சு, புதுசு மாட்டி ஓட விட்டேனே, அந்தத் தெம்பு இன்னும் குறையலை. லேப்ல இப்ப நான்தான் முன்னால நிக்கிறேன். பசங்க என்கிட்ட சந்தேகம் கேக்குறாங்க.

ஆனா ஒண்ணு. பஸ் ஏற வரும்போது பக்கத்து வீட்டு அக்கா, "எங்க மோட்டாரும் மக்கர் பண்ணுது, உங்க மெக்கானிக் நம்பர் கொடு, உன் வீட்டுக்காரர் அவனை ஆஹா ஓஹோன்னார்"னு சொன்னாங்க.

எந்த மெக்கானிக்குங்க?

உங்கள் மனைவி


வீடு,
நவம்பர் 27

கண்ணம்மா,

திட்டு, வாங்கிக்கிறேன். "யாருடா சரி பண்ணா?"ன்னு அண்ணன் கேட்டான். மெக்கானிக்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் எல்லார்கிட்டயும் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு.

அன்னைக்கு நீ வேலை பார்த்தப்போ நான் ஸ்பேனரைப் பிடிச்சுட்டுப் பக்கத்துலயே நின்னேன். ஒரு தடவைகூட நீ திரும்பிப் பார்க்கலை. நீ பயந்தப்போ என் மேல சாய்ஞ்சே, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பொறாமைதான், வேற என்ன சொல்ல.

அடுத்த லீவுல அண்ணன் குடும்பத்தோட வர்றான். அவங்க இருக்கிற வரைக்கும் எதையும் கழட்டாம சும்மா இரு. எனக்காக.

உன்னவன்


ஹாஸ்டல்,
டிசம்பர் 5

என்னங்க,

பொறாமைன்னு எழுதியிருந்ததைப் படிச்சப்போ கோபமே வரலை. உங்க தலையை மடியில வச்சுக்கணும் போல இருந்துச்சு.

ஆனா சும்மா இருன்னு கேட்டதைத்தான் தாங்க முடியலை. வேத்து ஆள் சொன்னா சண்டை போட்டுட்டு வந்துடுவேன். நீங்க கேட்டா சரின்னுடுவேன். அடுத்தது கேப்பீங்க, அதுக்கும் சரின்னுடுவேன். எனக்கு என்னைத் தெரியும். மறுபடி அந்த நடுக்கம் வந்துடுமோன்னு பயமா இருக்கு.

அதனால லீவுக்கு வரலை. மோட்டாருக்குக் காயில் கட்டுற பட்டறை ஒண்ணுல வேலை பழகச் சேர்ந்திருக்கேன். நான் ஏன் வரலைன்னு உங்க அண்ணன் கேப்பார். மோட்டாரைச் சரி பண்ணது யாருன்னு, நடந்ததை நடந்தபடி சொல்லிடுங்க. சொல்லிட்டேன்னு ஒரு வரி எழுதுங்க, அடுத்த பஸ்ல வந்து நிப்பேன்.

காத்திருக்கும்
நான்


ஹாஸ்டல்,
ஜனவரி 19

என்னங்க,

பட்டறை வேலை முடிஞ்சுது. முதலாளி அடுத்த வருஷம் வந்தாலும் சேர்த்துக்கிறேன்னு சொல்லியிருக்கார். தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல நின்னு நின்னு வார்டனுக்கே என் மேல பாவமாப் போச்சு.

நேத்து பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணாங்க. எனக்கு உடம்பு சரியில்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கீங்களாம். "இப்ப எப்படிம்மா இருக்கு?"ன்னு பதறிப்போய் கேட்டாங்க.

பரவாயில்லக்கா, தேவலைன்னேன். உங்களைப் பொய்க்காரராக்க மனசு வரலை.

இனிமே எழுத மாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.